ஓடுபாதைகள் இரண்டு, பயணிக்கு ஒன்றே: ஹைதராபாத் ஒப்பந்தம் தமிழகத்துக்குக் காட்டுவது என்ன?

ஹைதராபாத்: நவி மும்பை சர்வதேச விமான நிலையத்தில் 2025 டிசம்பர் 25 அன்று பயணிகள் சேவை தொடங்கியது. அன்று முதல் மும்பைக்குப் பயணச்சீட்டு எடுப்போர், விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டியவர்களாகியுள்ளனர். கோவா செல்வோருக்கு இந்தப் பழக்கம் 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. தில்லிப் பகுதியில் இந்திரா காந்தி விமான நிலையத்துடன் ஹிண்டன், ஜேவர் ஆகிய பெயர்களும் சேர்ந்துகொண்டன. ஹைதராபாத் பயணிக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் அந்நகரின் நடுவே பேகம்பேட் விமான நிலையம் ஓடுபாதையுடனும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடனும் இன்றும் இருக்கிறது. விமானங்கள் அங்கு இறங்குகின்றன, அங்கிருந்து புறப்படுகின்றன. பொதுமக்களுக்கான பயணச்சீட்டு மட்டுமே அங்கு இல்லை.

பிரதமரும் குடியரசுத் தலைவரும் நகருக்கு வரும்போது அவர்களது சிறப்பு விமானங்கள் பல வேளைகளில் பேகம்பேட்டில் தரையிறங்குகின்றன. மாநிலத் தலைவர்களின் ஹெலிகாப்டர்களும் வாடகைக்கு எடுக்கப்படும் சிறு விமானங்களும் அங்கிருந்தே பறக்கின்றன. விமானப் படையின் தளம் அங்கு இயங்குகிறது. இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் ஆராய்ச்சி அமைப்பு அங்கு அமைந்துள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விங்ஸ் இந்தியா விமானக் கண்காட்சியும் அங்கேயே நடைபெறுகிறது. ஆக, இரு விமான நிலையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஹைதராபாத்தில் இல்லாமல் இல்லை. அது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதுதான் செய்தி.

இந்த நிலைக்கு வானிலையோ நிலப்பரப்போ காரணமல்ல. 2004 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான ஓர் ஒப்பந்தமே காரணம். அதன் ஒரு விதி, ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் போட்டி விமான நிலையம் வளர இடம் தரவில்லை. கர்நாடகத்தில் பெங்களூரு விமான நிலையத்துக்கும் அதே காலத்தில் இதே போன்ற விதி எழுதப்பட்டது. ஓசூரில் விமான நிலையம் அமைக்கும் தமிழக அரசின் திட்டம் முட்டி நிற்கும் தடைகளுள் அதுவும் ஒன்று. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான ஏற்பாடுகள் நடந்துவரும் வேளையில், ஹைதராபாத்தின் கதையைத் தமிழக வாசகர்கள் அண்டை மாநிலச் செய்தியாக மட்டும் படித்துவிட்டு நகர முடியாது.

ஓர் இரவில் மாறிய முகவரி

பேகம்பேட் விமானத் தளம் நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1930களில் உருவானது. நிஜாம் அரசும் டாடா நிறுவனமும் இணைந்து 1945இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் அங்கிருந்துதான் இயங்கியது. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது அதுவும் அரசு நிறுவனத்தில் கரைந்தது. தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியால் ஹைதராபாத்தின் விமானப் போக்குவரத்து பெருகியபோது பேகம்பேட்டைச் சுற்றி நகரம் ஏற்கெனவே நெருங்கிவிட்டிருந்தது. விரிவாக்க நிலமில்லை. எனவே நகரின் மையத்திலிருந்து சுமார் 24 கி.மீ. தெற்கே ஷம்ஷாபாத்தில், 5,495 ஏக்கரில் புதிய விமான நிலையம் அமைக்க முடிவானது.

2008 மார்ச் 14 அன்று அப்போதைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணித் தலைவர் சோனியா காந்தி அதைத் திறந்துவைத்தார். மார்ச் 22 நள்ளிரவில் வணிக விமானங்கள் அனைத்தும் பேகம்பேட்டை விட்டு ஷம்ஷாபாத்துக்கு மாறின. பெங்களூருவில் எச்ஏஎல் விமான நிலையத்தின் கதவுகள் அதே ஆண்டு மே மாதம் இவ்வாறே மூடப்பட்டன.

இந்த மூடல் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. பழைய நிலையங்களையும் தொடர்ந்து இயக்க வேண்டும் என்று கோரி, இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் ஊழியர்கள் 2008 மார்ச்சில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சீதாராம் யெச்சூரி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் பழைய நிலையங்கள் திறந்திருப்பதையே ஆதரித்தது. மத்திய அரசின் பதில் சுருக்கமானது: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாகிவிட்டது.

ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் யார் இருந்தனர் என்பதும் கவனத்துக்குரியது. புதிய நிலையத்தை நடத்தும் நிறுவனத்தில் ஜிஎம்ஆர் குழுமத்துக்கு 63 விழுக்காடும், மலேசிய விமான நிலைய நிறுவனத்துக்கு 11 விழுக்காடும், மாநில அரசுக்கும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கும் தலா 13 விழுக்காடும் பங்குகள் இருந்தன. மலேசிய நிறுவனத்தின் பங்குகளைப் பின்னர் ஜிஎம்ஆர் வாங்கிக்கொண்டதால், அதன் பங்கு இப்போது 74 விழுக்காடு. பழைய நிலையத்தின் உரிமையாளரான ஆணையமே புதிய நிலையத்தில் பங்குதாரராகவும் இருந்தது. தன் கடையை மூடி எதிர்க் கடையில் பங்குதாரராகும் வணிகரின் நிலைக்கு ஒப்பானது இது. ஊழியர்களின் சினத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

முதலீட்டாளரின் அச்சம் பொய்யல்ல

இந்த விதியை வெறும் தனியார் சலுகை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 2004ஆம் ஆண்டின் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசு நிலத்தில் தனியார் முதலீட்டுடன் பெருநகர விமான நிலையம் கட்டுவது அப்போது இந்தியாவுக்குப் புதிது. எத்தனை பயணிகள் வருவார்கள் என்பதை வங்கிகளால் உறுதியாகக் கணிக்க இயலவில்லை. மாநில அரசே 315 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் 107 கோடி ரூபாய் மானியமும் தந்துதான் திட்டத்துக்கு உயிரூட்ட வேண்டியிருந்தது. நகருக்குள் பேகம்பேட் திறந்திருந்தால், உள்நாட்டுப் பயணிகளும் அவர்களை நம்பியிருந்த விமான நிறுவனங்களும் அங்கேயே தங்கியிருக்கக்கூடும். ஷம்ஷாபாத்தின் புதிய முனையம் பாதி காலியாகக் கிடந்திருக்கும்.

இதற்கு உலகறிந்த சான்று கனடாவில் இருக்கிறது. மான்ட்ரியால் நகருக்கு 1975இல் மிராபெல் என்ற பிரம்மாண்டமான விமான நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானங்கள் அங்கு செல்ல வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஆனால் நகருக்கு அருகிலிருந்த டோர்வால் நிலையம் உள்நாட்டு விமானங்களுக்காகத் திறந்தே இருந்தது. விளைவு, வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலைவழி அலைய வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலை விரும்பாத பயணிகளும் விமான நிறுவனங்களும் டொராண்டோவை நாடினர். 1997இல் வெளிநாட்டு விமானங்களும் டோர்வாலுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டன. 2004இல் மிராபெலின் கடைசிப் பயணிகள் விமானம் புறப்பட்டது. 2014இல் முனையத்தை இடிக்கும் பணி தொடங்கியது. இரு நிலையங்களுக்கிடையே போக்குவரத்தைத் தவறாகப் பங்கிட்டால் இரண்டுமே நலியும் என்பதற்கு விமானத் துறையினர் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு அது.

நேர்மாறான சான்றும் உண்டு. அது தமிழர்கள் அடிக்கடி செல்லும் பாங்காக்கில் இருக்கிறது. 2006 செப்டம்பர் 28 அன்று சுவர்ணபூமி திறக்கப்பட்டபோது, பழைய டான் மியூவாங் நிலையம் மூடப்பட்டது. ஆனால் புதிய நிலையத்தின் விமானத் தடங்களில் விரிசல்கள் தெரிந்தன, நெரிசலும் வந்தது. ஆறே மாதங்களில், 2007 மார்ச்சில், டான் மியூவாங் மீண்டும் திறக்கப்பட்டது. 2012 அக்டோபரில் தாய் ஏர்ஏசியா தனது சேவைகளை அங்கு மாற்றிக்கொண்டது. இன்று ஒன்று முழுச்சேவை நிறுவனங்களின் நிலையமாகவும், மற்றது குறைந்த கட்டண நிறுவனங்களின் நிலையமாகவும் பெரிதும் பிரிந்து, இரண்டும் நிரம்பி வழிகின்றன.

மிராபெலுக்கும் டான் மியூவாங்குக்கும் உள்ள வேறுபாடு என்ன? பாங்காக்கில் இரு நிலையங்களையும் நிரப்பும் அளவுக்குப் பயணிகள் இருந்தனர். மான்ட்ரியாலில் இல்லை. அதாவது, இரண்டாவது நிலையம் நன்மையா தீமையா என்பதைத் தீர்மானிப்பது பயணிகளின் எண்ணிக்கை. ஹைதராபாத் ஒப்பந்தமோ அதனை ஆண்டுகளால் அளந்துவிட்டது.

ஷம்ஷாபாத் முனையம் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1.2 கோடிப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. 2023-24ஆம் நிதியாண்டில் அங்கு வந்துசென்றோர் சுமார் 2.5 கோடி. முனையத்தின் கொள்ளளவு 3.4 கோடியாக விரிவாக்கப்பட்டுள்ளது. வெறும் கட்டடமாகக் கிடந்துவிடுமோ என்ற 2004ஆம் ஆண்டின் அச்சம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த அச்சத்துக்குத் தரப்பட்ட காப்பு, நாட்காட்டி 2033 மார்ச்சைத் தொடும்வரை நீடிக்கிறது. 'ஆண்டுக்கு இத்தனை கோடிப் பயணிகள் என்ற அளவை எட்டினால் பாதுகாப்பு விலகும்' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தால், இந்த விவாதம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

மெட்ரோ செல்லும் இடத்தில் விமானமில்லை

தேர்வு இல்லாததன் விலையைப் பயணி தரையில்தான் செலுத்துகிறார். சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு வான்வழிப் பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஷம்ஷாபாத்தில் இறங்கி செகந்திராபாத்துக்கோ அல்வாலுக்கோ செல்பவருக்கு, மாலை நெரிசலில் சாலைப் பயணமே அவ்வளவு நேரம் எடுத்துவிடும். மெஹ்திப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை 11.6 கி.மீ. நீளத்துக்கு எழுப்பப்பட்ட பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலச் சாலை, விமான நிலையம் திறந்து ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின், 2009 அக்டோபரில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. நகரைச் சுற்றிச் செல்லும் 158 கி.மீ. வெளிவட்டச் சாலை மேற்குப் புறநகரான கச்சிபௌலி, ஹைடெக் சிட்டிப் பகுதியினருக்குப் பெரிதும் உதவியது. வடக்கிலும் கிழக்கிலும் வசிப்போருக்கு அந்த அளவு பயன் இல்லை.

ரயில் இணைப்பின் கதை இன்னும் நீளமானது. 2022 டிசம்பர் 9 அன்று அப்போதைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ், ராய்துர்கம் முதல் விமான நிலையம் வரை 31 கி.மீ. நீளமுள்ள 6,250 கோடி ரூபாய் மெட்ரோ திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஓராண்டில் ஆட்சி மாறியது. புதிய முதல்வர் ரேவந்த் ரெட்டி அத்தடத்தைக் கைவிட்டார். நாகோல், எல்.பி. நகர், சாந்திராயண்குட்டா வழியாகப் பழைய நகரைத் தொட்டுச் செல்லும் வேறொரு தடம் வகுக்கப்பட்டது. அதனையும் உள்ளடக்கிய இரண்டாம் கட்டத் திட்டம் 2024 நவம்பரில் மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. புறநகர் ரயிலான எம்எம்டிஎஸ் 2023 ஏப்ரல் முதல் ஃபலக்னுமாவைத் தாண்டி உம்தாநகர் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது விமான நிலைய முனையத்தைத் தொடவில்லை.

முரண் என்னவெனில், நாகோலிலிருந்து ராய்துர்கம் செல்லும் மெட்ரோவின் நீலத் தடம் பேகம்பேட் வழியாகவே ஓடுகிறது. எம்எம்டிஎஸ் நிலையமும் அப்பகுதியில் உண்டு. பயணிகளுக்கு மூடப்பட்ட விமான நிலையத்தின் அருகே ரயில் நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பேர் வந்துசெல்லும் நிலையத்துக்கு அது செல்வதில்லை. இது திட்டமிட்டு நேர்ந்ததல்ல. நகரப் போக்குவரத்தும் விமானப் போக்குவரத்தும் தனித்தனிக் கோப்புகளில் நடந்ததன் விளைவு.

இன்னொரு விலை பயணச்சீட்டிலேயே இருக்கிறது. விமான நிலையங்கள் பயணிகளிடம் வசூலிக்கும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தைச் சந்தை நிர்ணயிப்பதில்லை. விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஷம்ஷாபாத்தில் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணிக்கு 1,700 ரூபாயாகவும் உள்நாட்டுப் பயணிக்கு 430 ரூபாயாகவும் இருந்த இக்கட்டணம், 2014 ஏப்ரல் 1 அன்று ஆணையத்தின் உத்தரவால் சுழியமானது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டிலேயே கட்டணம் திரும்பி வந்தது. பின்னர் குறைந்து, 2022 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு 281 ரூபாயிலிருந்து 480 ரூபாயாகவும், வெளிநாட்டுப் பயணிக்கு 393 ரூபாயிலிருந்து 700 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த ஏற்ற இறக்கங்களின்போது 'இந்த நிலையம் வேண்டாம், அடுத்ததற்குப் போகிறேன்' என்று சொல்லும் வழி பயணிக்கு இல்லை. ஆணையத்தின் முன் வாதாடும் இடத்திலும் அவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டு இருந்தால் போதுமா?

அதற்காக, இரண்டு நிலையங்கள் இருந்தாலே போட்டி பிறந்து கட்டணம் குறைந்துவிடும் என்று எண்ணிவிடவும் முடியாது. மும்பை அதற்கு உதாரணம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தை நடத்தும் நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 74 விழுக்காடு பங்கு. நவி மும்பை நிலையத்தை நடத்தும் நிறுவனத்திலும் அதே குழுமத்துக்கு அதே 74 விழுக்காடு. பயணிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வசதி கிடைத்திருக்கிறது. தானேயிலோ பன்வேலிலோ வசிப்பவருக்கு அது சிறிய விஷயமன்று. ஆனால் ஒரே கையிலிருக்கும் இரு கடைகளுக்கிடையே விலைப் போட்டி எவ்வளவு நடக்கும் என்பது தனிக் கேள்வி.

உண்மையான போட்டியைக் காண கோவாவுக்குச் செல்ல வேண்டும். டாபோலிம் நிலையம் கடற்படையின் தளத்தில் அமைந்தது. வாரநாள் காலைகளில் கடற்படைப் பயிற்சிக்காகப் பயணிகள் விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வடக்கு கோவாவின் மோபாவில் ஜிஎம்ஆர் குழுமம் கட்டிய நிலையம் 2022 டிசம்பர் 11 அன்று திறக்கப்பட்டு, 2023 ஜனவரி 5 முதல் இயங்குகிறது. இரண்டின் உரிமையாளர்களும் வேறு வேறு. விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயரத் தொடங்கின. கத்தார் ஏர்வேஸ் 2024இல் மோபாவுக்கு மாறியது. டாபோலிமை நம்பி வாழும் தெற்கு கோவாவின் டாக்சி ஓட்டுநர்களும் விடுதி உரிமையாளர்களும் தங்கள் நிலையம் மெல்ல மூடப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். மட்காவில் வீடுள்ள ஒருவர், கட்டணம் சில நூறு ரூபாய் குறைவு என்று பார்த்து மோபாவுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டால், மிச்சப்படுத்தியதை விடப் பெரிய தொகையை டாக்சிக்குக் கொடுக்க நேரும். இரு நிலைய நகரங்களில் பயணச்சீட்டின் விலையை மட்டும் ஒப்பிடுவது அரைக் கணக்கு. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையிலான நேரமும் செலவும் சேர்ந்ததே முழுக் கணக்கு.

இங்கு இன்னொன்றையும் கவனிக்கலாம். ஹைதராபாத்தில் 150 கி.மீ. விதியின் பாதுகாப்பில் இருக்கும் அதே ஜிஎம்ஆர் குழுமம், கோவாவில் பழைய நிலையத்துக்கு எதிரான புதிய போட்டியாளர். தில்லியிலோ மீண்டும் பழைய நிலையத்தின் காவலர். காஸியாபாத்தை ஒட்டிய ஹிண்டன் விமானப் படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் 2019 அக்டோபரில் சிறிய அளவில் தொடங்கின. 2025 மார்ச்சில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அங்கு பெரிய விமானங்களை இயக்க முன்வந்தபோது, தில்லி நிலையத்தை நடத்தும் ஜிஎம்ஆர் தலைமையிலான நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடியது. நிறுவனங்கள் தங்கள் நலனைக் காப்பதில் வியப்பில்லை. வியப்புக்குரியது அரசின் அளவுகோல்தான். நகருக்கு அருகில் உள்ள விமானப் படைத் தளம் ஒன்றில் பயணிகள் முனையம் அமைத்து ஹிண்டனில் சேவை நடத்தலாம் என்றால், பேகம்பேட்டில் ஏன் கூடாது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தைத் தவிர வேறு பதில் இதுவரை தரப்படவில்லை.

வேறு பதில்கள் இருக்கக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேகம்பேட்டைச் சுற்றி உயரமான கட்டடங்கள் பெருகிவிட்டன. ஹக்கீம்பேட்டிலும் துண்டிகலிலும் விமானப் படைப் பயிற்சித் தளங்கள் உள்ளதால் வான்வெளி நெருக்கடியானது. குடியிருப்புகளின் மீது நள்ளிரவிலும் விமானங்கள் தாழப் பறப்பதை அப்பகுதி மக்கள் இன்று ஏற்பார்களா என்பதும் ஐயமே. பழைய அளவில் பேகம்பேட் திரும்பாது. ஆனால் விஜயவாடா, திருப்பதி போன்ற குறுந்தொலைவு ஊர்களுக்குப் பகல் நேரத்தில் மட்டும் சிறிய ரக விமானங்களை இயக்குவது வேறு விஷயம். கோலாலம்பூரில் 1998இல் புதிய நிலையம் திறக்கப்பட்ட பின் ஒதுக்கப்பட்ட பழைய சுபாங் நிலையத்துக்கு, 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்கள் வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் திரும்ப அனுமதிக்கப்பட்டன. அந்த நகரில் கால் நூற்றாண்டுக்குப் பின் செய்ய முடிந்ததை ஹைதராபாத்தில் ஆராய்ந்து பார்க்கவேனும் செய்யலாம்.

வாரங்கல் பெற்ற விலக்கு

ஒப்பந்த விதி கல்லில் எழுதப்பட்டதல்ல என்பதற்கு தெலங்கானாவிலேயே சான்று இருக்கிறது. வாரங்கல் அருகே மாம்னூரில் நிஜாம் காலத்து விமானத் தளம் ஒன்று உள்ளது. 1981க்குப் பின் அங்கு பயணிகள் சேவை இல்லை. அதை மீண்டும் இயக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் எழுந்தும், ஷம்ஷாபாத்திலிருந்து 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் அமைந்திருப்பதால் நகரவில்லை. பின்னர் ஜிஎம்ஆர் நிறுவனம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. 2024 நவம்பரில் கூடுதலாக 253 ஏக்கர் நிலம் எடுக்க மாநில அரசு 205 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 பிப்ரவரி 28 அன்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதி வழங்கியது.

மாம்னூர் திறந்தால் வாரங்கல் மக்களுக்கு நன்மையே. ஆனால் அந்த அனுமதி வந்த வழியைப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு விமான நிலையம் வேண்டுமா என்ற முடிவில் இறுதிக் கையெழுத்துக்கு முன்னதான கையெழுத்து ஒரு நிறுவனத்துடையதாக இருந்தது. மாநில அரசு அந்த நிறுவனத்தில் 13 விழுக்காடு பங்குதாரர். எனினும் பங்குதாரராக அல்ல, விண்ணப்பதாரராகவே அது நின்றது. ஷம்ஷாபாத்துக்கு ஆபத்தில்லாத தொலைவில் இருப்பதால் மாம்னூருக்கு விலக்கு கிடைத்தது. உண்மையான போட்டி தரக்கூடிய இடத்துக்கு அப்படி விலக்கு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஓசூரில் கேட்பவர், பரந்தூரில் கொடுப்பவர்

தமிழகத்தில் இந்த விதியின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மின்வாகனம், மின்னணு உதிரிபாகம் என வளர்ந்துவரும் அந்தத் தொழில் நகரத்தில் வசிப்போர், விமானம் பிடிக்க பெங்களூரு நகரின் நெரிசலைக் குறுக்கே கடந்து தேவனஹள்ளி வரை செல்ல வேண்டியிருக்கிறது. ஓசூரை ஒட்டிய பேலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை ஒன்று ஏற்கெனவே உண்டு. அங்கிருந்து உடான் திட்டத்தில் சிறு விமானங்களை இயக்கும் முயற்சிகூட பெங்களூரு ஒப்பந்தத்தின் 150 கி.மீ. விதியால் கைகூடவில்லை. அந்த ஒப்பந்தத்தில் மைசூருவுக்கும் ஹாசனுக்கும் விலக்கு எழுதப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஓசூருக்காகப் பேச அந்த மேசையில் யாரும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் தமிழகம் விதியால் பாதிக்கப்பட்ட தரப்பு. பரந்தூரில் நிலைமை தலைகீழ். 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் திட்டமிடப்பட்டுள்ள அந்த நிலையத்துக்கு 2025இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களில் நிலத்தையும் நீர்நிலைகளையும் காக்கக் கோரி 2022 முதல் போராட்டம் நடந்துவருகிறது. மீனம்பாக்கமும் பரந்தூரும் இணைந்தே இயங்கும் என்று தமிழக அரசு கூறிவருகிறது. ஆனால் நகரிலிருந்து அறுபது, எழுபது கி.மீ. தொலைவில் பல ஆயிரம் கோடி ரூபாயைக் கொட்டும் முதலீட்டாளர், மீனம்பாக்கத்தை எவ்வளவு தூரம் வளர விடுவீர்கள் என்று கேட்காமல் கையெழுத்திடமாட்டார். 2004இல் ஷம்ஷாபாத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் சென்னைப் பயணியின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும். தாம்பரத்தில் வசிப்பவர் மதுரை விமானத்தைப் பிடிக்க காஞ்சிபுரம் வரை செல்ல வேண்டியிருக்குமா, சிங்கப்பூர் விமானங்கள் எந்த நிலையத்தில் இறங்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் பயணிக்கு ரயில் இருக்குமா என்பவை கட்டடம் எழுந்த பின் பேச வேண்டியவை அல்ல. மிராபெலில் அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். பாதுகாப்பு விதி தவிர்க்க முடியாதது என்றால், அது ஆண்டுக் கணக்கில் இருக்கப் போகிறதா, பயணிகளின் எண்ணிக்கைக் கணக்கில் இருக்கப் போகிறதா என்பதை ஒப்பந்த வரைவு நிலையிலேயே சட்டப்பேரவையில் வைத்து விவாதிக்கலாம். ஷம்ஷாபாத் ஒப்பந்தத்தின் நுட்பங்களை ஹைதராபாத்வாசிகள் பெரும்பாலும் அறிந்துகொண்டது பேகம்பேட்டின் கதவு மூடப்படும் நேரத்தில்தான்.

ஷம்ஷாபாத்தை நடத்தும் உரிமை ஜிஎம்ஆர் நிறுவனத்துக்கு 2068 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 150 கி.மீ. விதிக்கு அந்த ஆயுள் இல்லை. 2008இல் திறக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால், ஹைதராபாத்தின் 25 ஆண்டுகள் 2033 மார்ச்சிலும், ஓசூரை மறித்து நிற்கும் பெங்களூருவின் 25 ஆண்டுகள் அடுத்த இரு மாதங்களில், மே மாதத்திலும் நிறைவடைகின்றன.